குடைக்குக் கால்

குடை என்பது கைக்கென்று பிறந்த பொருள். தன்னை ஏந்திச் செல்ல ஒரு மனிதன் கீழே இருப்பான் என்ற நம்பிக்கையிலேதான் அது ஆக்கப்பட்டிருக்கின்றது. நம்மவர் குடையை மறந்துவிட்டு வருவர். இரவல் கொடுத்து இழப்பர். காற்றிலே கம்பிகள் புறம்புரண்டு, வீதியில் நின்று வெட்கப்படவும் செய்வர். ஆனால், “என் குடை விழுந்துவிட்டது” என்று எவரும் முறையிடக் கேட்டதில்லை. காற்று ஒரு பக்கமிருந்து வந்தால் நாம் நினையாமலே மணிக்கட்டு அந்தப் பக்கம் சாய்கின்றது, முழங்கை மடிகின்றது, காலும் அரை அடி பின்வாங்கி ஊன்றிக்கொள்கின்றது. இவ்வளவையும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் எவரும் நமக்குக் கற்பித்ததில்லை.

கோயில் திருவிழாவிலே சுவாமி வீதிவலம் வரும்போது பெருங்குடை பிடிப்பவரைச் சற்றுக் கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். அவர் தண்டை ஒரு கையாற் பிடிப்பதில்லை. ஒரு கை இடுப்புக்கு அருகிலே தாழ்ந்திருக்கும். மற்றக் கை மார்புக்கு மேலே உயர்ந்திருக்கும். ஆடி ஆவணியில், தெற்கு வீதி முடிந்து மேற்கு வீதிக்குத் திரும்பும் மூலையிலே காற்று வந்து மோதும். அவ்வேளை மேற்கை காற்றை நோக்கித் தள்ளும். கீழ்க்கை தன் பக்கம் இழுக்கும். இரண்டும் எதிரெதிராக வேலை செய்வதனாலேதான் குடை நேராக நிற்கின்றது. இந்த இரண்டு கைகளையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். அவை பின்னர் தேவைப்படும்.

மனிதனில்லாமல் தனியே நிற்கும் குடை பிற்காலத்து வரவு. தென்னிலங்கைக் கடற்கரை விடுதிகளிலே வெள்ளையும் நீலமுமாக அவை வரிசையாக நிற்பதைச் சுற்றுலாச் சென்ற பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். லொத்தர்ச் சீட்டு விற்பவரின் மேசைக்கு மேலேயும் அத்தகைய குடை ஒன்று நிற்கும். அதன் அடியைப் பார்த்தால், பழைய மோட்டார் வண்டிச் சில்லு ஒன்றில் சீமெந்தை வார்த்து நடுவே ஒரு குழாயை நட்டிருப்பார்கள். அந்தச் சில்லை நான் முன்பு ஏளனமாகப் பார்த்ததில்லை. இப்போது மரியாதையாகவே பார்க்கின்றேன்.

எங்கள் வீட்டு முற்றத்துக்கும் அத்தகைய குடை ஒன்று வந்தது. வந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வலிகாமம் வடக்கிலே உள்ளது. 1990 ஆம் ஆண்டு சனங்கள் அங்கிருந்து இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்து வயது. 2016 ஆம் ஆண்டு எங்கள் காணி விடுவிக்கப்பட்டது. சென்று பார்த்தபோது கிணறு நின்றது. சுவர்களிலே இரண்டு நின்றன. முற்றத்து மாமரம் நிற்கவில்லை. நிலத்தோடு நிலமாக அதன் அடிக்கட்டை மாத்திரம் கிடந்தது. வீட்டை 2019 ஆம் ஆண்டளவில் ஒருவாறு கட்டி முடித்தோம். குடிபுகுந்த அன்று எல்லோரும் அறைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மாத்திரம் முற்றத்திலே நின்று, “வீட்டைக் கட்டலாம் தம்பி, மரத்தைக் கட்டேலாது” என்றார். அன்று நட்ட கறுத்தக்கொழும்பான் கன்று கற்பூமியிலே மெல்ல மெல்லத்தான் எழும்பியது. நான்கு ஆண்டின் பின்னும் அதன் நிழல் ஒரு கோழிக்குப் போதுமானதாக இருந்ததேயன்றி மனிதருக்குப் போதவில்லை.

அம்மாவுக்கு இப்போது வயது 82. முற்றத்திலே சாய்மனைக் கதிரையைப் போட்டுப் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய உலகம். வீதியாற் போகின்றவர்கள் படலையடியில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்குச் சோதனை, யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்பவை எல்லாம் பத்திரிகை வருமுன்னரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் அவரை உள்ளே துரத்தியது. 2023 ஆம் ஆண்டு சித்திரையில் கனடாவிலிருந்து வந்திருந்த என் தம்பி இதனைக் கண்டு, கொழும்பிலே ஒரு கடையில் முற்றத்துக் குடை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்பது அடி விட்டம், எட்டுக் கம்பிகள், ஒன்றரை அங்குல அலுமினியத் தண்டு. அதனை நிறுத்துவதற்கு உள்ளே வெற்றிடமான பிளாஸ்ரிக் அடி ஒன்று. ஒன்றரை அடி அகலமான வட்டம். நீர் நிரப்பினால் 15 கிலோகிராம் நிறை வரும், பிறகு அசையவே அசையாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

சித்திரை அசையவில்லை, வைகாசியின் முற்பகுதியும் அவ்வாறே கழிந்தது. பின்னர் சோளகம் எழும்பியது. யாழ்ப்பாணத்தவருக்குச் சோளகத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. புரட்டாதி வரை பனைகளைச் சலசலக்க வைத்துக்கொண்டு, கிணற்றடிப் புழுதியை அள்ளி விறாந்தையிற் கொட்டும் காற்று அது. ஆனி மாதத்து நண்பகலொன்றிலே நான் விறாந்தையிலிருந்து விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா கோழியைக் கலைக்கவென்று எழுந்து நாலு அடி போயிருந்தார். குடை முதலில் ஒரு பக்கம் தலையசைத்தது. பிறகு அடியோடு தூக்கிக்கொண்டு கவிழ்ந்தது. தண்டு கதிரையின் கையிலே விழுந்தது. தேக்கமரக் கை, நடுவாலே முறிந்துவிட்டது. அம்மாவின் வலக்கை ஒரு நிமிடத்துக்கு முன்னர்வரை அந்த இடத்தில் இருந்தது.

அவர் பதறவில்லை. முறிந்த கதிரையையும் கவிழ்ந்த குடையையும் மாறி மாறிப் பார்த்தார். “உதுக்குக் காலில்லைத் தம்பி. காலில்லாததை நம்பி நான் இருக்கமாட்டன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன் பின்னர் முற்றத்தை அவர் எட்டிப் பார்க்கவேயில்லை. விறாந்தையின் மூலையிலே, தூணுக்குப் பின்னால் இருந்தார். படலையடியிலே நின்றவர்கள் அவரைக் காணாமற் போய்விட்டார்கள். வீட்டிலே பேச்சுக் குறைந்தது. என் மனைவி, “இஞ்சாருங்கோ, மாமி இரண்டு நாளாய் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை” என்று ஒரு மாலையிலே சொன்னபோதுதான், இது குடையைப் பற்றிய சங்கதி மாத்திரமன்று என்பது தெளிவாயிற்று.

நான் எங்கள் கல்லூரியிலே உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் கற்பிப்பவன். ஆகவே மறுநாட் காலை இந்தக் குடையையே கரும்பலகையில் வரைந்து மாணவருக்குக் கணக்காகக் கொடுத்தேன். அடியின் நிறை 15 கிலோகிராம், குடையின் நிறை 5 கிலோகிராம், ஆக 20. அடியின் விளிம்பிலே அது கவிழவேண்டுமானால், நிறை நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ள 22½ சென்ரிமீற்றர் தூரந்தான் அதனைத் தடுக்கும் நெம்புகோல். காற்றோ இரண்டு மீற்றர் உயரத்திலே தள்ளுகின்றது. ஒரு பக்கத் திருப்பத்தை மறு பக்கத் திருப்பத்தோடு சமப்படுத்திப் பார்த்தால், அந்தக் குடையைக் கவிழ்ப்பதற்கு மேலே வேண்டிய விசை வெறும் 2¼ கிலோகிராம் நிறைக்குச் சமம். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. அவர்களுடைய புத்தகப்பை அதைவிடப் பாரம்.

சிரிப்பு அடங்கியபின் பின்வாங்கிலிருந்த ஒருவன், “சேர், அடியை இரண்டு மடங்கு பாரமாக்குவதோ, இரண்டு மடங்கு அகலமாக்குவதோ நல்லது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 15 கிலோகிராம் அடியை 30 ஆக்கினால் வேண்டிய விசை ஏறத்தாழ 4 கிலோகிராமாக உயர்கின்றது. நிறையை அவ்வாறே விட்டு அகலத்தை மாத்திரம் இரட்டித்தால் அது 4½ ஆகின்றது. காசு கொடுத்து நிறையை வாங்குவதிலும் அகலத்தை வாங்குவதே இலாபம் என்பது இதனாற் பெறப்படும். ஐரோப்பிய நாடுகளிலே சிலுவை வடிவமான இரும்புச் சட்டத்தை நிலத்தில் விரித்து, அதன் நான்கு கைகளுக்கும் இடையே நான்கு கற்பலகைகளை அடுக்கும் வழக்கம் இருப்பது இந்தக் காரணம் பற்றியே. நிறையே வேண்டுமென்பவர்கள் நீரை விட்டு மணலை நிரப்பலாம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். அதே இடத்தை அடைக்கும் உலர்ந்த மணல் ஏறத்தாழ 1.6 கிலோகிராம். மணல் ஒழுகுவதுமில்லை, ஆவியாவதுமில்லை.

காற்றின் கணக்கு இன்னும் பொல்லாதது. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று, தனக்கு நேரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 6 கிலோகிராம் நிறைக்குச் சமமான அமுக்கத்தைக் கொடுக்கும். வேகம் இரட்டித்து 72 ஆனால் அமுக்கம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 24 கிலோகிராமாகின்றது. ஒன்பது அடிக் குடையின் பரப்பு 5 சதுர மீற்றருக்கு மேல். நேராக நிற்கும்போது காற்றுக்கு அதன் ஓரம் மாத்திரமே தெரிவதால் பிழைத்துக்கொள்கின்றது. சற்றே தலைசாய்ந்து வயிற்றைக் காட்டிவிட்டால் அதன்பின் அது குடையன்று. கயிறு அறுந்த பட்டம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பெரும் பட்டங்களை எத்தனை பேர் சேர்ந்து இழுத்துப் பிடிக்கின்றார்கள் என்பதைப் பார்த்தவர்கள் அந்த இழுவையை அறிவார்கள். ஆகையாலேதான் குடை சாயாதிருப்பது முதற் காரியமாகின்றது. முதற் சாய்வைத் தடுத்தால் மற்ற எல்லாம் தடைப்படும்.

காற்றை அளக்கும் அறிஞர்களும் குடையை மறக்கவில்லை. பிரான்சிஸ் போபோட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி 1805 ஆம் ஆண்டிலே காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை படிகளாக வகுத்தார். அவர் பார்த்தது கப்பற் பாய்களை. தரையில் வாழ்வோர் மரத்தையும் புகையையும் பார்த்து அறியத்தக்க அடையாளங்களை, ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1906 ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் சிம்ப்சன் என்ற வானிலை அறிஞர் வகுத்தார். அந்த அட்டவணையிலே ஐந்தாம் படியில் சிறு மரங்கள் ஆடத் தொடங்கும்; ஆறாம் படியில் பெருங்கிளைகள் அசையும், கம்பிகள் ஊதும், குடை பிடிப்பது கடினமாகும். ஆறாம் படி என்பது மணிக்கு 39 முதல் 49 கிலோமீற்றர் வரையான காற்று. கையிலுள்ள குடைக்கே அப்படியென்றால், கையில்லாத குடையின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு கதிரைக் கையோடு எங்கள் வீட்டுச் சங்கதி முடிந்தது. வேறிடங்களிலே அவ்வாறு முடியவில்லை. அமெரிக்காவில், வேர்ஜீனியா மாநிலக் கடற்கரை ஒன்றில் 2016 ஆம் ஆண்டிலும், தென் கரோலினா மாநிலக் கடற்கரை ஒன்றில் 2022 ஆம் ஆண்டிலும், காற்று பிடுங்கி வீசிய குடை தாக்கிப் பெண்கள் இறந்திருக்கின்றார்கள். மணலிலே இருந்தவர்கள் அவர்கள். 2024 ஆம் ஆண்டிலே ஏ.எஸ்.ரி.எம். என்னும் நியம நிறுவனம் கடற்கரைக் குடைகளைப் பிடித்து நிறுத்தும் சாதனங்களுக்கென்று தனியான நியமம் ஒன்றை வெளியிட்டது. மணிக்கு 30 மைல் காற்றைத் தாங்கவேண்டும், 75 இறாத்தல் இழுவைக்கு அசையாதிருக்கவேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். 30 மைல் என்பது 48 கிலோமீற்றர். அதாவது அந்த ஆறாம் படியேதான்.

இனி எங்கள் குடைக்கு வருவோம். கயிறு கட்டலாம் என்றாள் என் மனைவி. கூடாரத்துக்கு நான்கு பக்கமும் முளையடித்துக் கட்டுவது போலக் கட்டினால் குடை நிற்கும் என்பது உண்மை. ஆனால் தடியூன்றி நடக்கும் மாமியும், ஓடித் திரியும் பேரப்பிள்ளைகளும் உள்ள முற்றத்திலே நான்கு கயிறுகள் இருப்பதை அவளே பின்னர் விரும்பவில்லை. நடுவிலே துளையுள்ள மேசை ஒன்றை வாங்கி, அத்துளையினூடாகத் தண்டை இறக்கலாம் என்று கனடாவிலிருந்து தம்பி தொலைபேசியிற் சொன்னான். அதிலே பொருள் உண்டு. கீழே அடி ஒரு கையாகவும், ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் உயரத்திலே மேசை மற்றக் கையாகவும் தண்டைப் பிடிக்கின்றன. கோயிற் குடைக்காரரின் இரண்டு கைகள். ஆனால் மேசைத் துளை எப்போதும் தண்டைவிடப் பெரிதாகவே இருக்கும். அந்த இடைவெளியிலே தண்டு தட்டித் தட்டி ஆடும். கண்ணாடி மேசையாயின் ஒருநாள் உடைந்தும் போகும். இதற்கென்றே றப்பரிலும் பிளாஸ்ரிக்கிலும் கூம்பு வடிவமான வளையம் ஒன்று விற்கின்றார்கள். தண்டைச் சுற்றிப் போட்டு மேலிருந்து துளைக்குள் அமுக்கினால், அது ஆப்புப் போல இறுகி இடைவெளியை அடைத்துவிடும். மிகச் சிறிய பொருள், விலையும் பெரிதன்று. ஆயினும், நிற்கும் குடைகளைப் பற்றிய சாத்திரம் முழுவதும் அந்தச் சிறு வளையத்தினுள்ளே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. பிடி இரண்டு இடத்தில் இருக்கவேண்டும். அந்த இரண்டு இடத்திலும் இடைவெளி இருத்தலாகாது.

எங்கள் வீட்டிலே மேசைக்கு இடமில்லை. அம்மாவுக்கு மேசை பிடிக்கவுமில்லை. “என்ன, கந்தோரே?” என்று கேட்டார். ஆகவே இரண்டு கைகளையும் நிலத்திலேயே அமைப்பது என்று தீர்மானித்தேன். அதற்கு வேண்டியது ஆழம். தண்டின் மேலே இரண்டு மீற்றரில் 10 கிலோகிராம் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். பிடிகள் இரண்டுக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் மாத்திரம் இருந்தால், கீழ்க்கை 130 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையைத் தாங்கவேண்டும். அதே இடைவெளி 45 சென்ரிமீற்றராயின் 45 கிலோகிராம் அளவே போதும். கடையில் விற்கும் அடிகளின் குட்டையான குழாய்கள் கோணிப்போவதும், தண்டு அவ்விடத்திலே நசிவதும் இதனாலேயே. பழங்காலத்தார் இதை நன்கு அறிந்திருந்தனர் போலும். சாஞ்சித் தூபியின் உச்சியிலே கல்லாற் செய்த குடைகள் மூன்று ஒரே தண்டிலே அடுக்கி நிற்கின்றன. கற்குடைக்குக்கூடத் தண்டும் ஊன்றும் வேண்டியிருந்தன.

மேசனார் வந்தார். எங்கள் வீட்டையும் மதிலையும் கட்டியவர் அவர்தான். செய்தியைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். “மாஸ்ரர், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியிருக்கிறன், மதிலுக்கு வெட்டியிருக்கிறன். குடைக்கு வெட்டுறது இதுதான் முதல்தரம்” என்றார். ஆனால் வேலையிலே விளையாட்டுக் காட்டவில்லை. ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டத் தொடங்கினார். ஓர் அடிவரை செம்மண். அதன் பின்னர் சுண்ணாம்புக்கல். குடாநாட்டிலே கிணறு வெட்டியவர்கள் எல்லோரும் அறிந்த கல் அது. அலவாங்காற் குத்திக் குத்தி மற்ற அடியையும் ஆழமாக்குவதற்கு அரைநாள் சென்றது.

குழியின் அடியிலே மூன்று அங்குலத்துக்குச் சல்லி பரப்பப்பட்டது. அதன்மேல் இரண்டு அங்குல இரும்புக் குழாய் ஒன்று நிறுத்தப்பட்டது. அதன் நீளம் இரண்டரை அடி. ஏறத்தாழ முக்கால் அடி நிலத்துக்கு மேலே தெரியும்படி வைத்தோம். நிலமட்டத்தோடு வெட்டிவிட்டால் அழகாக இருக்கும் என்றார் மேசனார். கண்ணுக்குத் தெரியாத தடைதான் முதியவர்களின் காலை இடறும் என்பதனாலும், மேலே தெரியும் பகுதியிலே குறுக்கே ஓர் ஆணி போட வேண்டியிருந்ததனாலும் நான் உடன்படவில்லை. குழாயின் அடிவாய் திறந்தபடியே சல்லியில் இருந்தது. மழைநீர் உள்ளே விழுந்தாலும் கீழே வடிந்துவிடவேண்டும். தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து, ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையைச் சுற்றிலும் இறுக்கினார். உலர்ந்தபின் அந்தக் கட்டியின் நிறை ஏறத்தாழ 250 கிலோகிராம் இருக்கும். அதுவும் கல்லின் இடுக்கிலே இறுகியிருக்கின்றது. ஏழு நாளும் ஈரச் சாக்கு மூடி வைத்தோம். எட்டாம் நாட்தான் குடையை எடுக்க விட்டார்.

குடையை இறக்கியபோது, எதிர்பார்த்தபடியே, தண்டு குழாய்க்குள் கடகடவென்று ஆடியது. தண்டு 38 மில்லிமீற்றர். குழாயின் உள்வாய் 53. நடுவிலே 15 மில்லிமீற்றர் வெறுமை. இதனாலே குடையின் உச்சி நான்கு சென்ரிமீற்றருக்கு மேல் ஆடும் என்று கணக்குச் சொன்னது. ஆட்டம் சிறிதாயிருக்கலாம், ஆனால் காற்று ஒவ்வொரு முறை வீசும்போதும் தண்டு குழாயின் வாயிலே சம்மட்டி போல அடிக்கும். அலுமினியம் மென்மையான உலோகம்; இரண்டு மாதத்தில் அவ்விடம் குழிந்துவிடும். கடை அடியிலே இதற்காக ஒரு திருகாணி வைத்திருந்தார்கள். அது ஒரு புறத்திலிருந்து மாத்திரம் அழுத்தும். மற்றத் திசைகளிலே தண்டுக்குச் சுதந்திரம்.

கூம்பு வளையத்தை நினைத்துக்கொண்டு எங்களூர்த் தச்சரிடம் போனேன். அவர் குழாயின் அடியிலே தண்டு நடுவாக இருப்பதற்கு வேப்பமரத்தில் ஒரு வளையம் கடைந்தார்; அது கீழ்க்கை. வாயிலே செருகுவதற்குப் பனை வைரத்தில் மூன்று ஆப்புகள் சீவினார், அவை மேற்கை. ஆப்பின் சரிவு பத்துக்கு ஒன்று என்ற அளவிலே மென்மையாக இருக்கவேண்டுமென்று நான் சொல்வதற்கு முன்னரே அவர் அவ்வாறு சீவத் தொடங்கியிருந்தார். சரிவு அதிகமானால் ஆப்பு துள்ளி வெளியே வந்துவிடும். குறைந்திருந்தால் உராய்வே அதனைப் பிடித்துக்கொள்ளும். நான் திருகோணகணிதத்தால் அறிந்ததை அவர் உளியால் அறிந்திருந்தார். மூன்றையும் சம தூரத்தில் வைத்துக் கொட்டாப்புளியால் ஒவ்வொரு தட்டுத் தட்டியதும் தண்டு மரம் போல நின்றது. மழையில் மரம் பருத்து ஆப்பு கழற்ற முடியாமற் போகலாம் என்று சொல்லி, வேப்பெண்ணெய் பூசி வைக்கும்படி அவரே புத்தி கூறினார்.

கடைசியாகக் குறுக்கு ஆணி. நிறையும் ஆழமும் ஆப்பும் குடை சாய்வதைத் தடுக்கும். மேலே கிளம்புவதைத் தடுக்கமாட்டா. குடையின் நிறை 5 கிலோகிராம். காற்று கீழே புகுந்து தூக்கும் விசை அதைவிடப் பலமடங்கு அதிகமாகலாம். குழாயையும் தண்டையும் ஒருசேரத் துளைத்து, விரல் மொத்தத்தில் ஓர் உருக்காணியைப் போட்டுச் சுரை பூட்டினோம். குடையின் உச்சியிலே சிறிய மேற்குடை ஒன்று தனியாகத் தைக்கப்பட்டு, இடையிலே காற்றுப்போக்கு இருந்தது. அது வெறும் அலங்காரமென்று பலர் நினைப்பதுண்டு. உள்ளே அகப்படும் காற்றுக்கும் வெக்கைக்கும் அதுவே வாசல்.

எல்லாம் முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டோம். அவர் கதிரையைக் கேட்கவில்லை, குடையைப் பார்க்கவுமில்லை. தடியை மதிலிலே சாத்திவிட்டு வந்து, தண்டை இரண்டு கையாலும் பிடித்து உலுப்பினார். ஒரு கை தாழ, ஒரு கை உயர. தண்டு அசையவில்லை. குனிந்து, வெள்ளை பூசிய குழாயையும் சுற்றியுள்ள சீமெந்தையும் பார்த்தார். மேசனார் தம் வேலையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல முற்பட்டார். அம்மா அதற்குக் காத்திருக்கவில்லை. “சரி, கதிரையைக் கொண்டுவா” என்றார். கதிரைக்குப் புதிய கை ஒன்று ஏற்கனவே பூட்டியிருந்தது.

அந்த ஆடி மாதத்துச் சோளகம் நல்ல வலிமையாகவே அடித்தது. குடை நின்றது. ஆனால் வீட்டிலே ஒரு விதியும் வைத்தோம். கிணற்றடி முருங்கை முழுவதுமாக ஆடத் தொடங்கினால் குடையைச் சுருக்கிக் கட்டிவிடவேண்டும். அத்திவாரம் எவ்வளவு உறுதியாயிருந்தாலும் கம்பிகளும் துணியும் மெல்லியவையே; கால் நிற்கத் தலை பறந்துபோகும். இந்த விதியைக் காப்பவர் அம்மாதான். முருங்கையை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். சிம்ப்சனின் அட்டவணை அவருக்குத் தேவைப்படவில்லை.

வாடை மழை தொடங்கும்போது ஆணியைக் கழற்றி, ஆப்புகளைத் தட்டியெடுத்து, குடையை உள்ளே வைத்துவிடுவோம். அப்போது குழாயின் வாய் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். சல்லியில் மண் அடைத்துவிட்டால் நீர் தேங்கும்; தேங்கிய நீரிலே ஒரு வாரம் பத்து நாளிலே டெங்கு நுளம்பு பெருகிவிடும். ஆதலால் அம்மா ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் குழாயின் தலையிலே கவிழ்த்து வைத்தார். அளவெடுத்துச் செய்தது போல அது பொருந்தியது.

சென்ற கார்த்திகையிலே, நுளம்பு பெருகும் இடங்களைப் பார்வையிடுவதற்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வீதிக்கு வந்தார். இளைஞர், கடமையிலே கண்டிப்பானவர். பூச்சட்டிகளையும் பீலிகளையும் பார்த்துக்கொண்டு வந்தவருடைய கண்ணிலே முற்றத்து நடுவிலிருந்த சிரட்டை பட்டுவிட்டது. “அம்மா, சிரட்டை முற்றத்திலை இருக்கக்கூடாது, தெரியுந்தானே?” என்று சொல்லிக்கொண்டே அதனைக் கையிலெடுத்தார். குழாய்க்குள் மின்சூள் அடித்துப் பார்த்தார். ஒரு துளி நீருமில்லை. அம்மா விறாந்தைப் படியிலிருந்தபடியே சொன்னார்: “அது கவிட்டுத்தான் கிடந்தது, தம்பி. நீர் நிமிர்த்தி வைச்சுப்போட்டுப் போகாதையும்.”